பதினொன்று இருபதுக்கு ஒரு கையெழுத்து

போலீஸ் என் பைக்கைப் பிடிக்கத்தான் வந்திருக்கிறது என்று நம்பினேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னால், யாரோ என்னை மிரட்டிக் கையெழுத்து வாங்கியதுபோல் ஆகிவிடும். என்னை யாரும் மிரட்டவில்லை. நானேதான் மிரண்டேன்.

ஓசூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டிப் போய் ஒரு பழைய பைக்கை வாங்கி, கர்நாடக நம்பரோடு அப்படியே ஓட்டிக்கொண்டிருப்போம். தமிழ்நாட்டு நம்பருக்கு மாற்றவேண்டும் என்பது சட்டம். மாற்றுவோம், நிச்சயம் மாற்றுவோம், அடுத்த மாதம். நான் நாலு வருஷமாக அடுத்த மாதம் மாற்றுகிறவன். எவராவது நிறுத்திக் கேட்டால் "போன வாரம்தான் சார் வாங்கினேன்" என்று சொல்வதற்கு ஒரு முகத்தைக் கண்ணாடி முன் பழகி வைத்திருந்தேன். கொஞ்சம் அப்பாவித்தனம், கொஞ்சம் தூக்கக் கலக்கம். இரண்டாவதற்கு நடிக்க வேண்டியதில்லை, ஷிப்ட் வேலை.

அன்று நைட் ஷிப்ட் முடித்து ஏழு மணிக்குக் கார்டு அடித்துவிட்டு வெளியே வந்தேன். கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனி, நான் அங்கே குவாலிட்டியில் இருக்கிறேன். மற்றவர்கள் செய்ததைப் பார்த்து 'சரி' என்று கையெழுத்துப் போடுவது என் பிழைப்பு. வீட்டுக்கு வந்து படுத்தால் பக்கத்து மனையில் போர் போடுகிறார்கள். பூமியைத் துளைக்கிறார்களா என் மண்டையைத் துளைக்கிறார்களா என்று தெரியாமல் பதினோரு மணி வரை புரண்டுவிட்டு, தெருமுனை டீக்கடைக்கு வந்தேன். நடந்தால் மூன்று நிமிஷம். பைக்கில் வந்தேன்.

டீக்கடைக்காரர் மத்தூர்ப் பக்கத்து ஆள். எதையும் பாதிதான் சொல்வார், மீதியை டீயை ஆற்றியே சொல்லிவிடுவார்.

"காலையில தைலமரத் தோப்புல ஒருத்தனைச் சுட்டுட்டாங்க சார். சுட்டது நம்ம ஏரியா இன்ஸ்பெக்டரு."

"செத்துட்டானா?"

அவர் டீயை இரண்டு தடவை உயர்த்தி ஆற்றினார். "ரவுடியாம்."

அந்த ஒரு சொல் எனக்குப் போதுமாக இருந்தது. ரவுடி என்றால் நம் தெருவில் இருப்பவன் இல்லை, நமக்குத் தெரிந்தவன் இல்லை. நான் போண்டாவைப் பார்த்தேன், சூடாக இருந்தது.

அப்போதுதான் ஜீப் வந்து என் பைக்கை ஒட்டி நின்றது. பம்பர் நம்பர் பிளேட்டை முகர்ந்து பார்க்கிற தூரம். எஸ்.ஐ. இறங்கினார். இளவயசு, துடைத்த முகம்.

"இந்த வண்டி யாருது?"

எனக்குப் பயம் வந்தால் முதலில் வயிறு பேசும், அப்புறம்தான் வாய். வயிறு பேசி முடித்தபின் வாய் சொன்னது: "என்னுதுதான் சார். போன வாரம்தான்…"

"தள்ளி நிறுத்துங்க. ஜீப் திரும்பணும்." அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எங்க வேலை?"

சொன்னேன்.

"நல்லதாப் போச்சு, படிச்சவரு. ஒரு கையெழுத்து வேணும் சார். சும்மா பார்மாலிட்டி."

அந்த நிமிஷத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. பைக்கைப் பற்றிக் கேட்கவில்லை. வேண்டியது கையெழுத்துதான். கையெழுத்தா, எத்தனை வேண்டும், இடது கையாலும் போடட்டுமா என்கிற மனநிலை. கடைக்காரர் கையைத் துடைத்துவிட்டு முதலில் போட்டார். அடுத்து நான். ஜீப் பானட்டின்மேல் தாள்களை வைத்திருந்தார்கள், அடியில் கார்பன். பின்சீட்டில் ஒரு கான்ஸ்டபிள் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் துணியில் சுற்றிய நீளமான ஏதோ ஒன்று. அதைப் பார்த்தேன், பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன். மூன்று தாளில் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. படித்தால் விவரமான ஆள் என்று நினைப்பார்கள், விவரமான ஆளிடம் ஆர்.சி. புத்தகம் கேட்பார்கள் என்று ஒரு கணக்கு.

ஆனால் ஒன்று செய்தேன். கையெழுத்துக்குக் கீழே மணியைப் பார்த்து 11.20 என்று எழுதினேன். மூன்று தாளிலும்.

யோசித்துச் செய்ததல்ல. கம்பெனியில் ஒருமுறை ஆடிட் வந்தவர்கள் என் கையெழுத்துக்குக் கீழே நேரம் இல்லை என்று பிடித்துக்கொண்டார்கள். எனக்கு மெமோ. நேரம் இல்லாத கையெழுத்து செல்லாது என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் சொன்னார். அன்றிலிருந்து எங்கே கையெழுத்துப் போட்டாலும் நேரம் எழுதிவிடுவேன். மகள் ராங்க் கார்டில் 7.45 என்று எழுதி அனுப்பி, டீச்சர் இது என்ன மார்க் என்று கேட்டிருக்கிறார். மாதா கோயிலில் நண்பன் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டபோதும் எழுதினேன். பாதிரியார் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, "என் பிரசங்கத்துல இருந்து எப்ப எழுந்து ஓடணும்னு குறிச்சு வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

எஸ்.ஐ. அதைப் பார்க்கவில்லை. தாள்களை மடித்து வைத்துக்கொண்டு, "தேங்க்ஸ் சார்," என்று போய்விட்டார். நான் இரண்டு போண்டா தின்றேன். இரண்டு என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

வீட்டில் மனைவியிடம் இதை ஒரு காமெடியாகச் சொன்னேன். எஸ்.ஐ. மாதிரி நடந்து காட்டினேன். என் வயிறு மாதிரி சத்தம் போட்டுக் காட்டினேன். அவள் சிரித்தாள். மறுநாள் கேண்டீனில் சொன்னேன், பத்துப் பேர் சிரித்தார்கள். "சாட்சிக்காரர் வர்றார்" என்று இரண்டு நாள் கூப்பிட்டார்கள். பேப்பரில் செய்தி வந்திருந்தது. சூளகிரிப் பக்கம் ஹைவேயில் நிற்கிற லாரிகளில் கொள்ளை அடித்தவனாம். ஒளித்துவைத்த ஆயுதத்தைக் காட்டுகிறேன் என்று போலீஸைத் தோப்புக்குக் கூட்டிப்போய், கத்தியால் கான்ஸ்டபிளை வெட்டினானாம். தற்காப்புக்காக இன்ஸ்பெக்டர் சுட்டாராம். பேருக்குப் பக்கத்தில் 'என்கிற' போட்டு இன்னொரு பேர். மங்கலான பழைய போட்டோ. கையில் கட்டுப் போட்ட கான்ஸ்டபிளின் போட்டோ பளிச்சென்று இருந்தது. நான் இரண்டையும் பார்த்துவிட்டு, விளையாட்டுப் பக்கத்துக்குத் திருப்பினேன்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் குடிதண்ணீர் தீர்ந்துபோனது.

எங்கள் பக்கம் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியாது. கேன்தான். எங்களுக்குக் கேன் போடுகிறவர் நாலு வருஷமாக ஒரே ஆள். முப்பது வயது இருக்கும். தோளில் ஒன்றும் கையில் ஒன்றுமாகத் தூக்கிக்கொண்டு மூன்றாவது மாடிக்கு ஏறி, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, சமையலறை வரை வந்து ஸ்டாண்டில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார். கீழ்வீட்டுக்காரரிடம் கன்னடம், இரண்டாவது மாடியில் தெலுங்கு, எங்களிடம் தமிழ். மூன்று மாடிக்கு மூன்று பாஷை.

"அண்ணா, இந்த பில்டிங்குக்கு எப்ப லிப்ட் வெப்பாங்க?"

"உங்க கல்யாணத்துக்கு, தலைவரே."

"ஆயிப் போச்சே அண்ணா."

"அப்ப உங்க பேரன் கல்யாணத்துக்கு."

இதே பேச்சை நாலு வருஷம் பேசியிருக்கிறோம். இருவருக்குமே அலுக்கவில்லை. ஆனால் அவர் பேர் எனக்குத் தெரியாது. போனில் 'தண்ணி கேன்' என்று வைத்திருந்தேன்.

மூன்று நாள் பார்த்துவிட்டுப் போன் போட்டேன். எடுத்ததும், யார் என்றுகூடக் கேட்காமல் ஆரம்பித்துவிட்டேன்.

"என்ன தலைவரே, எங்களை ஒட்டகம்னு முடிவு பண்ணிட்டீங்களா? பல்லு விளக்கவே கடன் வாங்கிக்கிட்டு இருக்கோம்."

அந்தப் பக்கம் ஒரு பெண் குரல். "யாருங்க?"

"மூணாவது மாடிம்மா. கேன் வரல."

"அவரு இல்லீங்க."

"ஊருக்குப் போயிருக்காரா?"

"பேப்பர்ல எல்லாம் வந்துச்சே," என்றது அந்தக் குரல். "பாக்கலீங்களா?"

பார்த்திருந்தேன். பார்த்து, விளையாட்டுப் பக்கத்துக்குத் திருப்பியிருந்தேன்.

போனை வைத்துவிட்டுப் பழைய பேப்பர்க் கட்டை அவிழ்த்துத் தேடி எடுத்தேன். அந்த மங்கலான போட்டோவில், தெரிந்தபிறகு பார்த்தால், அவர்தான். மனைவியிடம் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, சமையலறைக்குப் போய், காலியான கேனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி, "நீங்க எதுல கையெழுத்துப் போட்டீங்க?" என்று கேட்டாள்.

"தெரியல."

"தெரியலையா?"

"படிக்கல."

நாலு நாளுக்கு முன் நான் நடித்துக் காட்டிய அதே ஹாலில் இந்தப் பேச்சு நடந்தது.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் கேன்காரர் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். காலியான கேன்களைத் திரும்ப எடுத்துப்போக வந்திருந்தார். கேன்கள் தண்ணீர்க் கம்பெனிக்குச் சொந்தம், எண்ணிக்கை குறைந்தால் அவர் பொறுப்பு. படியில் குரல் கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. நான் செய்ததைச் சொல்கிறேன்: பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். நம்பும்படி இருக்கட்டும் என்று குழாயைத் திறந்துவிட்டேன். நாற்பத்தாறு வயது, குவாலிட்டி சீனியர் இன்ஸ்பெக்டர், குழாய்க்கு அடியில் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

பாத்ரூம் கதவு மெலிசு. எல்லாம் கேட்டது.

"உக்காரும்மா," என்றாள் என் மனைவி.

"இல்லக்கா. இன்னும் ஆறு வீடு போவணும்."

"என்னம்மா நடந்துச்சு?"

"வெடியக் காலையில வந்தாங்கக்கா. ரெண்டு பேரு, யூனிபாரம் இல்ல. ஒரு விசாரணை, பத்து மணிக்கு அனுப்பிடறோம்னாங்க. முன்ன சின்ன வயசுல ஒரு அடிதடி கேசு இருந்துச்சு, அதுக்கு அப்பப்போ கூப்புடுவாங்க. அதுமாதிரின்னு நெனச்சிக்கினு போனாரு. போனைக்கூட எடுக்க வுடல." கேன்களை ஒன்றோடொன்று கோக்கிற சத்தம். "கத்தி வெச்சிருந்தாருன்னு சொல்றாங்கக்கா. கத்தி இருந்தா, சுட்டது சரின்னு கேசை மூடிடுவாங்களாம். இல்லன்னா, அவங்க மேல கேசு. கத்தி கெடந்ததைப் பாத்தோம்னு ரெண்டு பேரு கையெழுத்துப் போட்டிருக்காங்களாம். ஒருத்தரு டீக்கடைக்காரரு. இன்னொருத்தரு யாருன்னு தெரியல. வக்கீலம்மா கோர்ட்டுல காப்பி கேட்டிருக்காங்க. அந்த ஆளைத்தான் தேடிக்கினு இருக்கேன்."

என் மனைவி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. குழாய் ஓடிக்கொண்டிருந்தது. வாளி நிரம்பி வழிந்து என் கால் நனைந்தது.

"தண்ணி வீணாப் போவுது போலக்கா," என்றார் அந்தப் பெண்.

கேன்கள் படியில் இடித்துக்கொண்டே இறங்கும் சத்தம் கடைசிப்படி வரை கேட்டது. பிறகு கதவில் ஒரு தட்டு. "போயிட்டாங்க. வெளிய வாங்க."

நான் வெளியே வந்தேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பேன். அது அவளுக்கும் தெரியும்.

கோர்ட்டில் காப்பி வாங்கி வக்கீலம்மா என்னைத் தேடிக் கண்டுபிடிக்க இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் நானாகப் போகவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். தினமும் நாளைக்குப் போவதாக இருந்தேன், பைக் நம்பர் மாற்றுகிற மாதிரி. அவர் கிருஷ்ணகிரியிலிருந்து பஸ்ஸில் வந்தார். நரைத்த முடி, பெரிய துணிப்பை. ஹாலில் உட்கார்ந்ததும் ஒரு ஜெராக்ஸை என் முன்னால் வைத்தார்.

அப்போதுதான் நான் கையெழுத்துப் போட்டதை முதல்முறையாகப் படித்தேன். 'இன்று காலை 6.40 மணிக்கு, சம்பவ இடத்தில், கீழ்க்கண்ட சாட்சிகள் முன்னிலையில், இறந்தவரின் வலது கை அருகே கிடந்த கத்தி ஒன்று கைப்பற்றப்பட்டது.' கீழே கீழ்க்கண்ட சாட்சியாக நான். அழகான கையெழுத்து. எந்த நடுக்கமும் இல்லை.

"இது என்ன சார்?" அவர் விரல் என் கையெழுத்துக்குக் கீழே நின்றது.

ஒரு பொய் வாய்வரை வந்தது. டோக்கன் நம்பர் என்று சொல்லலாம். ரத்த அழுத்தம் என்றுகூடச் சொல்லலாம்.

"நேரம்மா," என்றேன். "பதினொண்ணு இருபது."

"ஆறு நாப்பதுக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"கம்பெனிக்குள்ள. ஏழு மணிக்குத்தான் கார்டு அடிச்சேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். "அன்னிக்குச் சாயந்திரமே இதைக் கோர்ட்டுக்கு அனுப்பிட்டாங்க சார். இனிமே மாத்த முடியாது. உங்க நேரம் அதுலயே இருக்கு. இதை நீங்க விசாரணையில சொல்லணும்."

சொல்கிறேன் என்றேன். அவர் போனதும் காய்ச்சல் வந்தது. நிஜக் காய்ச்சல். தெர்மாமீட்டரில் காட்டினேன், மனைவி நம்பினாள், ஆனால் இரக்கப்படவில்லை.

வக்கீலம்மா வந்துபோனது எப்படித்தான் தெரிந்ததோ, நாலாம் நாள் எஸ்.ஐ. வந்தார். மப்டியில், பழம் வாங்கிக்கொண்டு. என்னை 'அண்ணா' என்றார். சோபாவில் நுனியில் உட்கார்ந்தார். நல்ல பிள்ளை மாதிரி இருந்தார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"அண்ணா, அந்த நேரம் ஏதோ ஞாபக மறதியில எழுதியிருப்பீங்க. வாட்ச் நின்னு போயிருக்கும்."

"போன்ல பாத்து எழுதினேன் தம்பி."

"நீங்க அன்னிக்கு வேலை முடிச்சு வர்ற வழியில, தோப்புப் பக்கம் கூட்டத்தைப் பாத்து நின்னீங்க. அவ்ளோதான். டீக்கடைக்காரரு அப்படித்தான் சொல்றாரு." அவர் தண்ணீர் கேட்டுக் குடித்தார். வேறு கம்பெனிக் கேன். தம்ளரை வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்: "கீழ நிக்கிற வண்டி கர்நாடகா நம்பர்போல. சிலது திருட்டு வண்டியா இருக்குதுண்ணா, பேப்பர் எல்லாம் பாத்து வெச்சுக்கங்க."

என் முட்டாள்தனமான பயத்தை அவர்கள் நிஜமாக்கிக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

மறுநாள் டீக்கடைக்காரரிடம் போனேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் டீ போட்டார். "ரோட்டோரக் கடை சார்," என்றார். "ஒரு ஆர்டர் போட்டா ஒரு மணி நேரத்துல தூக்கிடுவாங்க. உங்களுக்குக் கார்டு இருக்கு, கம்பெனி இருக்கு. எனக்கு இந்த பாய்லர்தான் இருக்கு." நான் அவரை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தகுதியுள்ள ஆள் நான் இல்லை.

இரண்டு வாரம் தூக்கமில்லை. பாளையங்கோட்டையில் தம்பி வீட்டுக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். அல்சர் ஆபரேஷன் செய்துகொள்ளலாமா என்றும். அல்சர் இல்லை, ஆனால் தேடினால் கிடைக்கும். இதையெல்லாம் மனைவியிடம் அடுக்கிக்கொண்டே போனேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"கேண்டீன்ல சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னீங்கள்ல ஒரு கதை," என்றாள். "அதையே அங்க சிரிக்காமச் சொல்லுங்க. போதும்."

போலீஸ் சுட்டு ஒருவர் இறந்தால் வருவாய்த் துறை அதிகாரி ஒருவர் விசாரிக்க வேண்டும் என்பது விதியாம். விசாரணை நாளன்று பஸ்ஸில் போனேன். அறை சின்னது. அதிகாரி என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். ஓரத்தில் ஒரு டைப்பிஸ்ட் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தார். சுவரோரம் வக்கீலம்மா, அவருக்குப் பக்கத்தில் அந்தப் பெண். என்னை நிமிர்ந்து பார்த்தார். மூன்றாவது மாடி என்று தெரிந்த மாதிரி இல்லை. எப்படித் தெரியும், நான்தான் பாத்ரூமில் இருந்தேனே.

கடவுள் சாட்சியாக உண்மையைச் சொல்வேன் என்று சொன்னேன். நேரத்தைச் சொன்னேன். கம்பெனிக்கு அதிகாரி கடிதம் எழுதி என் கார்டு விவரத்தை வாங்கி வைத்திருந்தார், நான் கேட்டபோது கொடுக்காத கம்பெனி அவர் கேட்டதும் கொடுத்திருந்தது.

"சம்பவ இடத்துக்குப் போனீங்களா?"

"இல்ல சார். டீக்கடையில ஜீப் மேல வெச்சுப் போட்டேன்."

"கத்தியைப் பார்த்தீங்களா?"

"துணியில சுத்தின ஏதோ பார்த்தேன் சார். உள்ள என்னன்னு தெரியாது."

"படிக்காம, பார்க்காம, எதுக்குக் கையெழுத்துப் போட்டீங்க?"

இதற்கு நான் வீட்டில் மூன்று பதில்கள் தயார் செய்திருந்தேன். மூன்றும் கௌரவமானவை. போலீஸின் மேலிருந்த மரியாதை, சட்டத்துக்கு ஒத்துழைப்பு, அந்தமாதிரி. சுவரோரம் பார்த்தேன். அந்தப் பெண் மடியில் கைகளை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"என் பைக் கர்நாடக நம்பர் சார்," என்றேன். "நாலு வருஷமா மாத்தல. அதுக்குப் பிடிக்க வந்திருக்காங்கன்னு நெனச்சேன். அத விட்டாப் போதும்னு போட்டுட்டேன்."

டைப்பிஸ்ட் நிறுத்திவிட்டு அதிகாரியைப் பார்த்தார். "சார், இதையும் அடிக்கணுமா?"

"அடிங்க."

அடித்தார். வாழ்நாள் முழுக்க நான் சொன்னதற்கு யாராவது சிரிப்பார்கள், அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. அச்செடுத்து வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். இந்தமுறை ஒவ்வொரு வரியும் படித்தேன்.

வெளியே வராந்தாவில் அந்தப் பெண் என்னிடம் வந்தார். பக்கத்தில் பார்த்தால் ரொம்பச் சின்ன வயசு.

"அண்ணா, அந்த நேரத்த ஏன் எழுதினீங்க?"

"பழக்கம்மா. கம்பெனியில எப்பவும் எழுதுவோம்."

"தெரிஞ்சே எழுதலையா?"

இப்போதும் ஒரு பொய் வந்தது. இந்தமுறை அது நல்ல பொய், அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும், எனக்கும்.

"இல்லம்மா."

அவர் தலையை ஆட்டினார். "வக்கீலம்மா காப்பியக் காட்டுனப்ப, யாரோ ஒரு நல்ல மனுசன், பயந்துக்கினே உண்மைய எழுதி வெச்சிருக்காருன்னு நெனச்சேண்ணா. நமக்காக ஒருத்தராவது இருக்காருன்னு. தெனம் ராத்திரி அந்த ஆளுக்காக வேண்டிக்குவேன்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "பரவால்ல. எழுதிட்டீங்கல்ல."

நான் கேன் கேட்டுப் போன் போட்ட ஆள் என்று அப்போதுதான் சொன்னேன். பாத்ரூமில் இருந்ததையும். அவர் கேட்டுக்கொண்டார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று வக்கீலம்மாவோடு போய்விட்டார்.

அதற்கப்புறம் நடந்தது மெதுவாக நடந்தது. விசாரணை அறிக்கையை வெளியே விடாமல் வைத்திருந்தார்கள், வக்கீலம்மா மேல்கோர்ட்டுக்குப் போய் வாங்கினார். கேஸ் எங்கள் ஸ்டேஷனிலிருந்து வேறு பிரிவுக்கு மாறியது. இன்ஸ்பெக்டர் மேலும் எஸ்.ஐ. மேலும் வழக்குப் பதிவானது. இருவருக்கும் ஜாமீன் கிடைத்தது. இருவரும் இப்போது வேறு மாவட்டத்தில் வேலையில் இருக்கிறார்கள். டீக்கடைக்காரர் முதலில் கத்தியைப் பார்த்தேன் என்றார், இரண்டாம் தடவை ஞாபகமில்லை என்றார். அவர் கடை அங்கேயேதான் இருக்கிறது. எனக்கு இதுவரை ஐந்து முறை சம்மன் வந்திருக்கிறது, ஐந்து முறையும் வாய்தா. ஒவ்வொரு முறையும் அந்தப் பெண் சூளகிரியில் பஸ் ஏறி வந்து, கோர்ட் வராந்தாவில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போகிறார். சூளகிரியிலேயே ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். வரும் நாளுக்குச் சம்பளம் இல்லை. கோர்ட்டில் சாட்சி விசாரணை இன்னும் தொடங்கவில்லை.

அறிக்கையின் நகல் ஒன்றை வக்கீலம்மா எனக்குக் கொடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து படித்தேன். அதில் இருப்பது இவ்வளவுதான். அதிகாலை ஐந்தே காலுக்கு அவரை வீட்டிலிருந்து அழைத்துப் போனார்கள். ஆறு மணி சுமாருக்குத் தோப்பில் சுட்டார்கள். இரண்டு குண்டுகள், இரண்டும் முதுகுப் பக்கமாக நுழைந்தவை. கான்ஸ்டபிளின் கையில் இருந்தது மேலோட்டமான கீறல். கத்தியில் இறந்தவரின் கைரேகை இல்லை. அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது ஏழரை மணிக்கு. அப்போது அவர் இறந்திருந்தார்.